மங்கை கண்ட ஒன்றரை ஏக்கர்

என் தங்கை மங்கையர்க்கரசி தெருவில் நடந்து போகும்போது வீடுகளைப் பார்க்க மாட்டாள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்ப்பாள். பிள்ளையார்பாளையத்தில் இடிந்த சுவர் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, இங்க ஒரு புடலங்கொடி விட்டா ரெண்டு வூட்டுக் கூரமேலயும் ஏறிப் படுத்துக்கும்" என்பாள். நானும் பார்ப்பேன். எருக்கஞ்செடியும் ஆட்டுப் புழுக்கையும் உடைந்த ஓடும்தான் எனக்குத் தெரியும். அவள் கண்ணில் கொடி ஏறிக்கொண்டிருக்கும்.

எனக்கு அவள் ஆறு வருஷம் இளையவள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அவள் மூன்றாவதோடு நின்றாள். அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். இரண்டு பேரையும் ஒரே தெருவில் கட்டிக் கொடுத்தார்கள். எதிரெதிர் வரிசை, நடுவில் நாலு வீடு.

அவள் தொழில் பாவு புணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிகிற சமயத்தில், அந்தப் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு பட்டுச் சேலைப் பாவில் நாலாயிரம் ஐயாயிரம் இழை இருக்கும். ஓர் இழை தப்பினாலும் சேலையில் கோடு விழும். மங்கைக்கு ஓர் இழையும் தப்பியதில்லை. இதை நான் அக்கா என்பதால் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விரல்கள் தாமாக வேலை செய்துகொண்டிருக்கும். கண் மட்டும் அந்த வீட்டின் பின்வாசல் வழியாக எங்கேயோ போயிருக்கும். இப்படி வீடு வீடாகப் போனதால் ஊரில் எந்தக் கொல்லை வெறுமையாகக் கிடக்கிறது, எந்த மனை யாருடையது, எங்கே கிணறு தூர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு பெரிய சேலைபோல விரிந்து கிடந்தது.

நான் சொல்ல வந்தது 1967ஆம் வருஷத்துக் கதை.

அந்த வருஷம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றோம். பட்டு நூலும் சரியாக வரவில்லை. மாசியிலிருந்து எங்கள் தெருவில் பாதித் தறிகள் ஓடவில்லை. எங்கள் பயமெல்லாம் மழைக்காலத்தைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நல்ல வருஷத்திலேயே அந்த இரண்டு மாதமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று பேசிப் பேசிப் பேச்சும் ஓய்ந்துவிட்டது.

சித்திரை மாதம் ஒரு நாள் மங்கை ஏனாத்தூர்ப் பக்கம் பாவு புணைக்கப் போனாள். திரும்பும்போது வேகவதி ஆற்றுக் கரையோரமாக நடந்து வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள். அவிழ்த்தால் மண். கறுப்பும் செம்மையும் கலந்த வண்டல்.

"இன்னாடி இது?"

"ஒன்றர ஏக்கர் அக்கா" என்றாள்.

ஒரு பிடி மண்ணைக் காட்டி ஒன்றரை ஏக்கர் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த மண்ணை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை மறந்தே போனேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் கிண்ணத்தில் மூன்று முளைகள். யாரும் விதைக்கவில்லை. பச்சை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு நிறம். கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெலம் தூங்கிக்கினு இருக்குது அக்கா. செத்துடல" என்றாள்.

அந்த மண்ணை எடுத்த இடம் யாருடைய நிலம் என்று விசாரித்தோம். ஏனாத்தூர்ப் பெரியநாயகி அம்மாளுடையது. உழவர் குடும்பம், புருஷன் இல்லை. மற்ற நிலமெல்லாம் பயிர் ஏறுகிறது, இது மட்டும் பதினொரு வருஷமாகத் தரிசு. காரணம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனோம். அந்த அம்மாள் மாட்டுக் கொட்டகையில் எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நிமிர்ந்த உடம்பு.

"சேல விக்க வந்தீங்களா? நான் கட்டுறது நூல் சேலதாம்மா."

"விக்க வரலம்மா, கேக்க வந்தோம்" என்றாள் மங்கை. "ஆத்தோரம் உங்க நெலம் சும்மா கெடக்குதே..."

"கெடக்கட்டும். அதுக்கு இன்னா இப்ப?"

"எங்க தெருவுல பன்னெண்டு வூடு. ஒரு வருஷத்துக்குக் குடுத்தீங்கன்னா கேவரகு நட்டுக்குவோம். வெளையுறதுல உங்களுக்கு நாலுல ஒண்ணு."

அந்த அம்மாள் எங்கள் கால்களைப் பார்த்தார். "தறிக்குழியில தொங்குற காலு. சேத்துல நிக்குமா?"

"நின்னு பாக்கிறோம்மா. வுழுந்தா நீங்க சிரிச்சுக்கலாம்."

பக்கத்தில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த சின்னப்பையன் அப்போதே சிரித்துவிட்டான். அவன் அந்த வீட்டில் ஏர் ஓட்டுகிறவன். பெயர்தான் சின்னப்பையன், மீசை நரைத்தவன். பெரியநாயகி அம்மாள் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"அந்த நெலம் ஏன் கெடக்குதுன்னு தெரியுமா? எங்க வூட்டுக்காரருக்கும் அவரு தம்பிக்கும் நடுவுல ஒரு வரப்பு. இவரு ஒரு வருஷம் ஒரு கை செதுக்குவாரு, அவரு மறு வருஷம் ஒரு கை செதுக்குவாரு. எல்லாம் சேத்தா ஒரு முழம் இருக்காது. அதுக்கு மம்முட்டியத் தூக்கிக்கினாங்க. தம்பிக்கு ரெண்டு வெரலு பூடுச்சு. அப்பால சாவுற வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சி பாக்கல. இப்ப ரெண்டு பேரும் இல்ல. வரப்ப நான்தான் வெட்டிச் சமமாக்குனேன்."

அவர் எருமையின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"குடுக்கிறேன். ஆனா ஒண்ணு. அந்த நெலத்துல வரப்புச் சண்டைன்னு ஒரு கொரலு என் காதுல வுழுந்துச்சு, பயிரு நின்னாலும் சரி, கதிரு முத்தினாலும் சரி, அன்னிக்கே எல்லாரும் எறங்கிடணும். நான் மாட்ட வுட்டு மேச்சுடுவேன்."

மங்கை தலையை ஆட்டிவிட்டாள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். பன்னிரண்டு வீடு, சண்டை போடாமல்! எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கே குரல் மூலைவரைக்கும் கேட்கும்.

வைகாசி முழுக்க முள்ளை வெட்டினோம். கிணற்றில் தூர் எடுத்தோம். நூல் இல்லாமல் சும்மா இருந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. சின்னப்பையன் இரண்டு நாள் ஏர் கொண்டுவந்து உழுது கொடுத்தான். எங்கள் ஆண்பிள்ளைகளும் மாற்றி மாற்றி மேழியைப் பிடித்துப் பார்த்தார்கள். "மாடு பயந்துக்குது சாமி, நீங்க தள்ளி நின்னு வேடிக்க பாருங்க" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆனி மாதம் எட்டாம் தேதி நிலத்தைப் பங்கு பிரித்தோம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு துண்டு, நடுவில் ஒரு நடைபாதை. ஒரு துண்டு நாற்பது முழ அகலம், அறுபது முழ நீளம். யாருக்கு எது என்பதற்குப் பன்னிரண்டு நூலில் முடிச்சுப் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை கணக்கு வைத்து, மங்கை கைக்குள் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொன்று உருவினார்கள். எங்கள் தெரு முனிரத்தினத்துக்கு முதல் வரிசையில் நாலாவது. மங்கைக்கும் எனக்கும் இரண்டாவது வரிசையில் விழுந்தது.

அளப்பதற்குப் பருத்தி நூலைப் பல புரியாக முறுக்கி, இருபது முழத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நில அளவைச் சங்கிலியை ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நூல் இருக்கும்போது சங்கிலி எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றியது. பாவு வேலை எப்படிச் செய்வோமோ அப்படித்தான் இதையும் செய்தோம். வெயில் ஏறுவதற்கு முன்பே போனோம். பஞ்சு எழும்பாமல், முள்ளில் பட்டுப் பிரியாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போட்டோம். அந்தப் பஞ்சத்திலும் அரை ஆழாக்கு நொய்யைக் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு துண்டு அளந்து முடித்ததும் நூலை மறுபடி கஞ்சியில் முக்கி எடுத்தாள். முதல் வரிசையோடு கஞ்சி தீர்ந்தது. வெயிலும் ஏறிவிட்டது. இரண்டாவது வரிசையைக் காய்ந்த நூலால் அளந்தோம்.

முதல் வரிசையின் கடைசியில் ஒன்பது முழ அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. இரண்டாவது வரிசையில் மிஞ்சவில்லை. நிலம் கொஞ்சம் கோணல் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். "நமக்குன்னு மிச்சம் வெச்சுக் குடுக்குது" என்று மங்கை சந்தோஷப்பட்டு, அதில் எல்லோருக்கும் பொதுவாகப் பறங்கிக் கொடி போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் கண் சொருகுகிறது. நாற்றை நூல் பிடித்து நட்டோம், வரிசைக்கு வரிசை ஒரு சாண். சின்னப்பையன் வரப்பில் நின்று, "நாத்து நடுறீங்களா, பட்டுச் சேல நெய்யுறீங்களா? ஜரிக வைக்க மறந்துட்டீங்களே!" என்று கேட்டான். விடியும் நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வெள்ளை மூட்டம் வந்து வயலின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்ற மரத்தின்மேல் ஆள் நடப்பது மட்டும் தெரியும், கீழே மரம் தெரியாது. மனிதன் ஆகாயத்தில் முன்னும் பின்னுமாக நடக்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் வாய்க்காலில் வந்து ஒவ்வொரு துண்டாக நுழையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் வரப்பில் உட்கார்ந்திருப்போம். ஓடாத தறிகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மங்கை பயிருக்குள் நின்றால் இடுப்புக்குக் கீழே அவள் இல்லை. ஆவணியில் கதிர் வந்தது. விரல் மடக்கிய பச்சைக் கைகள் ஆயிரம் ஆயிரமாகக் காற்றில் அசைந்தன. மத்தியான வெயிலில் அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப் போயிருக்கிறேன். விழித்த பிறகும் அந்தக் கனவு கண்முன் அப்படியே நிற்கும்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு குரல்கூட உயரவில்லை. தண்ணீர் முறையில் பன்னிரண்டு வீட்டில் ஒன்றான அம்சா வீட்டார் தாமதமாக வந்தாலும், அடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பெரியநாயகி அம்மாளின் எருமைகள் தூரத்துக் கரையில் மேய்வது எல்லோர் கண்ணிலும் படும்.

புரட்டாசி பதினைந்தாம் தேதி. அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. முனிரத்தினம் தன் துண்டில் வரிசைகளை எண்ணியிருக்கிறான். அவன் எதையும் எண்ணுகிறவன். சாப்பிடும்போது வடகத்தைக்கூட எண்ணுவான் என்று அவன் மனைவி வடிவாம்பாளே சொல்வாள். நூற்றுப் பதினைந்து வரிசை. நடைபாதையைத் தாண்டி வந்து மங்கையின் துண்டில் எண்ணினான். நூற்றிருபது. என்னுடையதில் எண்ணினான். நூற்றிருபது. தன் வரிசையில் ஆறு துண்டையும் எண்ணினான். எல்லாம் நூற்றுப் பதினைந்து.

சாயங்காலம் நாங்கள் பறங்கிக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றான்.

"இன்னா மங்கா, அக்காளுக்கும் தங்கச்சிக்கும் நூத்திருபது, எங்களுக்கு நூத்திப் பதினஞ்சா?"

"இன்னாண்ணா சொல்ற?"

"எண்ணிப் பாரு. நூலக் கையில புடிச்சவ நீ. சீட்டு நூலும் உன் கையில, அளவு நூலும் உன் கையில. நல்லாத்தான் புணைச்சிருக்கிற!"

"அண்ணா, மெதுவாப் பேசு" என்றாள் மங்கை.

"ஏன் மெதுவா? அந்தம்மாளுக்குக் கேட்டுடும்னா? கேக்கட்டும். சின்னப்பையங்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். காலையில அந்தம்மாவே வரும். வந்து அளக்கட்டும்."

வடிவாம்பாள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "அறிவு இருக்குதாயா உனக்கு? மாட்ட வுட்டு மேச்சா உன் நூத்திப் பதினஞ்சும் பூடும்!"

அவனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஆனால் சொல்லி அனுப்பியது அனுப்பியதுதான். சின்னப்பையன் போய் அரை நாழிகை ஆகியிருந்தது.

மங்கை நேரே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவளை ஏமாற்றுக்காரி என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் அளவு நூலை எடுத்து வரச் சொன்னேன். எங்கள் வீடு நீளமான வீடு. வாசல் நிலையிலிருந்து பின்கட்டுத் தூண் வரை சரியாக இருபது முழம். பாவு வேலைக்காக என் கையாலேயே பல தடவை அளந்தது. முடிச்சை நிலையில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தூணுக்குக் கொண்டுபோனேன். மயிரிழை பிசகாமல் வந்து உட்கார்ந்தது.

"நூலு சரியாத்தானேடி இருக்குது."

மங்கை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரைக்குப் போய் அன்றைய கஞ்சித் தண்ணீரை எடுத்து வந்தாள். நூலை அதில் முக்கி, பிழிந்து, அதே மாதிரி பிடித்தாள். தூணுக்கு முக்கால் முழம் இந்தப் பக்கமே முடிச்சு நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை.

நனைந்த பருத்தி சுருங்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? கொல்லையில் துணிக்கொடி மழையில் இறுகுவதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள். ஆனால் கஞ்சி போட்ட நூல் என்பது எங்கள் கைக்குத் தண்ணீர்போல, மூச்சுபோல. அதைக் கொண்டு அளந்தோம், அதை அளக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். துண்டுக்கு அகலத்தில் ஒன்றரை முழம், நீளத்தில் இரண்டேகால் முழம், அதாவது அந்த ஐந்து வரிசை. வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு செண்ட்டு நிலம் குறைந்திருந்தது. ஆறு துண்டுக்கும் சேர்த்து அந்த ஒன்பது முழ மிச்சம் எப்படி வந்தது என்பதும் தெரிந்துபோயிற்று.

"மங்கா, காஞ்ச நூலு சரியா இருக்குது. காலையில அதையே காட்டிடலாம். நெலம் கோணல்னு சொல்லிடலாம். அறுப்பு முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்" என்றேன். சொன்னது நான்தான், மறைக்கவில்லை.

"ஆறு வூட்டு நெலத்த நான் கொறச்சிருக்கிறேன் அக்கா. அவங்க வேர்வையில பறங்கிக்கா தின்னுருக்கிறோம்."

"பன்னெண்டு வூட்டுச் சோறுடி அது."

"தெரியும்" என்றாள்.

காலையில் பன்னிரண்டு வீட்டாரும் வயலில் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மூட்டம் இன்னும் கலையவில்லை. கதிரெல்லாம் பழுத்துத் தலை சாய்ந்து, ஈரத்தில் செம்பு மாதிரி இருந்தது. மங்கை ஒரு தூக்கில் கஞ்சியும் தோளில் நூலுமாக வந்தாள். நடைபாதையில் கையால் முழம் போட்டு, இரண்டு குச்சியை இருபது முழ இடைவெளியில் அடித்தாள்.

"முனிரத்தினம் அண்ணா, இந்த முனையப் புடி" என்றாள்.

காய்ந்த நூல் சரியாக நின்றது. பிறகு கஞ்சியில் முக்கிப் பிடித்தாள். குச்சிக்கு முக்கால் முழம் குறைந்தது. "தப்பு என்னுதுதான். மொத வரிசைய இப்படித்தான் அளந்தேன். உங்க எல்லாருக்கும் கொறஞ்சிருக்குது."

அப்புறம் வடிவாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்யா, அன்னிக்கும் அந்த முனையப் புடிச்சுக்கினு நின்னது நீதானே! கஞ்சி கையெல்லாம் ஒழுவுதுன்னு என் முந்தானையில தொடச்சியே!"

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவன் கையில் நூல் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் புடிச்சேன், ஆனா..." என்றான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். உடனே ஒரே கூச்சல். குறைந்ததை எப்படிச் சரிக்கட்டுவது என்று ஒருவர், நிற்கிற கதிரில் எப்படிப் பங்கு மாற்றுவது என்று ஒருவர், கஞ்சி போடச் சொன்னது யார் என்று ஒருவர். பன்னிரண்டு வீட்டுக் குரலும் ஒன்றாக எழும்பியது. மூன்று மாதம் அடக்கி வைத்த குரல்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில், மூட்டத்துக்குள்ளிருந்து பெரியநாயகி அம்மாள் நடந்து வந்தார். பின்னால் சின்னப்பையன். அவனுக்குப் பின்னால் இரண்டு எருமைகள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம்.

"இன்னா சத்தம்?" என்றார்.

முனிரத்தினம்தான் முந்திக்கொண்டான். "ஒண்ணும் இல்லம்மா. சும்மா... சிரிச்சுக்கினு இருந்தோம். இவ சிரிச்சா, நாங்களும் சிரிச்சோம்."

"நேத்து ஆளு அனுப்பினது நீதானே?"

"அது... கேவரகு பழுத்திருக்குது, வந்து பாருங்கன்னு..."

"இல்லம்மா" என்றாள் மங்கை. "வரப்புப் பேச்சுதாம்மா. கொரலு ஒசந்துடுச்சு. நான் அளந்தது தப்பாயிடுச்சு." நூலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சி, வெயில், முக்கால் முழம், மிஞ்சிய துண்டு. ஒன்றையும் விடவில்லை. நான் எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று அதற்குள் தலையை நீட்டி ஓரத்துக் கதிர் ஒன்றைக் கடித்துவிட்டது.

பெரியநாயகி அம்மாள் நூலைக் கையில் வாங்கினார். நனைந்த முனையைத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு வூட்டுக்கு எத்தினி கொறஞ்சுது?"

"ஒரு செண்ட்டு கிட்டம்மா."

"இப்ப இன்னா செய்யப் போறீங்க?"

"எல்லாத்தையும் ஒரே களத்துல அடிச்சு, குமிச்சு, உங்க பங்கு போக பன்னெண்டா அளந்துக்கலாம்னு நெனைக்கிறேன்மா. அப்ப நெலம் கூடக் கொறைய இருந்தாலும் தானியம் ஒண்ணாத்தான் இருக்கும்."

முனிரத்தினம் துள்ளினான். "அதெப்படி? அம்சா வூட்டுப் பயிரப் பாருங்க, பாதி களை. நான் ஒரு முறை தண்ணி தப்புனது இல்ல!"

சின்னப்பையன் இரண்டு துண்டுக்கும் நடுவில் நின்று கதிரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாத்த, உன் நூத்திப் பதினஞ்சு வரிச, மங்காம்மாவோட நூத்திருபத வுட ரெண்டு மரக்கால் கூடவே காணும் போலிருக்குதே. கதிரு அப்படி இருக்குது. ஒண்ணாக் கொட்டினா நஷ்டம் உனக்குத்தான்."

முனிரத்தினம் தன் பயிரைப் பார்த்தான். மங்கையின் பயிரைப் பார்த்தான். எண்ணுகிறவன் இதை எண்ணாமல் போனான். "அப்படின்னா... என் துண்டு எனக்கு இருக்கட்டும். கொறஞ்சது கொறஞ்சதாவே இருக்கட்டும்" என்றான்.

"நேத்து அந்தக் குதி குதிச்ச!" என்றாள் வடிவாம்பாள்.

"நேத்து எனக்குத் தெரியலடி!"

முதலில் சிரித்தது பெரியநாயகி அம்மாள்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அப்படியே வரப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்த மாதிரி எனக்குத் தெரிந்தது. "எங்க வூட்ல ஒருத்தராவது, தப்பு என்னுதுன்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மூட்டம் கலைந்து வெயில் வந்தது. ஒவ்வொரு கதிரிலும் ஒரு துளி மின்னியது.

"சின்னப்பையா, மாட்ட ஓட்டு."

"எந்தாண்ட ஓட்டறதும்மா?" என்று கேட்டான். அவனும் பயந்துதான் இருந்தான்.

"வூட்டாண்டதான், வேற எந்தாண்ட?" எழுந்து, நூலைச் சுருட்டி மங்கையின் கையில் வைத்தார். "இந்த வருஷம் எப்படிப் பிரிச்சுக்கிறீங்களோ உங்க பாடு. மிச்சத் துண்டு மட்டும் அந்த ஆறு வூட்டுக்கு. அடுத்த ஆனிக்கு நான் கர்ணத்தாண்ட இரும்புச் சங்கிலி கேட்டு வாங்கியாறேன். கஞ்சி போடாதீங்க அதுக்கு."

அவர் மாடுகளின் பின்னாலேயே போனார். மங்கை அந்த வரப்பிலேயே உட்கார்ந்தாள். கஞ்சித் தூக்கு சாய்ந்து மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

"அக்கா."

"இன்னாடி?"

"அந்தம்மா அடுத்த ஆனின்னா சொன்னாங்க?"

"ஆமாண்டி."

"உன் காதால கேட்டியா?"

"கேட்டேன்."

முனிரத்தினம் அரிவாளைத் தீட்டக் கல் தேடிக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். அவன் காதில் வாங்கவில்லை. ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழிகளில் தண்ணீர் ஊறியது. அதற்கு முன்பே பன்னிரண்டு வீட்டிலும் கேழ்வரகு வந்து சேர்ந்திருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு வீட்டிலும் திரிகை சுற்றுவது கேட்டது. மங்கை என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.